பொய் சொல்லாத கல்: டோல்கீனின் பலாந்தீர் ஏமாற்றுகிறதா?

கேள்வி

ஜே.ஆர்.ஆர். டோல்கீனின் ‘தி லார்ட் ஆஃப் த ரிங்ஸ்’ நாவல் 1954, 1955 ஆண்டுகளில் மூன்று தொகுதிகளாக வெளிவந்தது. அதில் பலாந்தீர் என்னும் காட்சிக்கல் நேரடியாக இடம்பெறும் பக்கங்கள் குறைவு. ஆனால் போர்ப்பகுதியின் பெரிய திருப்பங்கள் பலவற்றுக்கும் பின்னால், யாரோ ஒருவர் அந்தக் கல்லைப் பார்த்த கணம் இருக்கிறது. மந்திரவாதி சருமான் அதன் வழியாகவே எதிரியின் பிடிக்குள் போகிறான். கொண்டோர் நாட்டை இல்லாத அரசனின் பெயரால் ஆண்டுவரும் ஆட்சிக்காவலன் டெனதோர், முற்றுகைக்குள்ளான தன் நகரத்தில் கல்லைக் கைகளில் ஏந்தியபடி சிதையில் படுத்து மடிகிறான். அரியணை ஏறாத அரசன் அரகோர்ன் அதே இனத்துக் கல் ஒன்றைப் பார்த்துவிட்டு எழுந்துபோய் அந்த நகரத்தைக் காப்பாற்றுகிறான்.

டெனதோரின் சாவுக்கு நாவலே இரண்டு விளக்கங்களைத் தருகிறது. இரண்டையும் சொல்பவன் சௌரானை எதிர்க்கும் மந்திரவாதி காண்டால்ஃப். சிதை எரிந்து அடங்கியதும் அவன் சொல்வது இது: டெனதோர் கல்லைப் பார்த்தான், ஏமாற்றப்பட்டான், இருளின் ஆண்டவன் எதை அனுமதித்தானோ அதை மட்டுமே கண்டான். அடுத்த அத்தியாயம் ஒன்றில், போர்த் தலைவர்கள் கூடும் கடைசி ஆலோசனையில், அதே காண்டால்ஃப் வேறொன்றைச் சொல்கிறான். காட்சிக்கற்கள் பொய் சொல்வதில்லை. இருளின் ஆண்டவனாகிய சௌரானாலும் அவற்றைப் பொய் சொல்லவைக்க முடியாது. எதைக் காண்பது என்பதைத் தன் மனவலிமையால் அவன் தேர்ந்து தரலாம், அல்லது கண்டதன் பொருளைப் பிழையாகப் புரிந்துகொள்ளச் செய்யலாம்.

‘டெனதோரைச் சௌரான் ஏமாற்றினான்’ என்று பொதுவாகச் சொல்லப்படுவது முதல் கூற்றை மட்டும் பற்றிக்கொண்ட வாசிப்பு. இரண்டாம் கூற்றை அதன் முழுக் கண்டிப்போடு எடுத்துக்கொண்டால் கேள்வி கடினமாகிறது. உண்மையை மட்டுமே காட்டும் ஒரு கருவியின் முன்னால் ஒருவன் எப்படி அழிகிறான்? கல் உள்நோக்கத்தைக் கடத்துவதில்லை என்பதே இதற்கு விடை என்று இக்கட்டுரை வாதிடுகிறது. அந்தக் குறை சௌரானையும் விட்டுவைக்கவில்லை என்பதும், அதைப் புரிந்துகொண்டு சௌரானுக்கு எதிராகப் பயன்படுத்தியவன் அரகோர்ன் ஒருவனே என்பதும் வாதத்தின் அடுத்த பகுதிகள்.

மூலங்கள், கற்களின் வரலாறு

நமக்கு இரண்டு மூலங்கள் உண்டு. ஒன்று, நாவலும் அதன் பின்னிணைப்புகளும். மற்றொன்று, டோல்கீன் 1973இல் மறைந்த பிறகு அவர் மகன் கிறிஸ்டோஃபர் டோல்கீன் தொகுத்து 1980இல் வெளியிட்ட ‘அன்ஃபினிஷ்ட் டேல்ஸ்’ நூலில் உள்ள பலாந்தீர் பற்றிய அத்தியாயம். நாவலின் இரண்டாம் பதிப்புக்கான திருத்தப் பணியை ஒட்டி எழுதப்பட்ட குறிப்புகளிலிருந்து உருவானது அது. கல்லின் இயக்கம் பற்றி நாம் அறிந்ததில் பெரும்பகுதி அங்கிருந்தே வருகிறது. இதனால் ஒரு முறையியல் சிக்கல் எழுகிறது. நாவல் எழுதப்பட்டபோது இந்த விதிகளெல்லாம் ஆசிரியர் மனத்தில் இருந்தனவா? இருந்திருக்க முடியாது. ஒர்தாங்க் கோபுரத்தின் சாளரத்திலிருந்து கல் வீசப்பட்ட கணம்வரை பலாந்தீர் பற்றித் தமக்கு எதுவும் தெரியாது என்று 1955இல் கவிஞர் டபிள்யூ.எச். ஆடனுக்கு எழுதிய கடிதத்தில் டோல்கீனே சொல்கிறார். வீசப்பட்டதும் அது என்னவென்று தமக்குப் பிடிபட்டதாகவும், ஏழு விண்மீன்களையும் ஏழு கற்களையும் பற்றி நெடுநாளாக மனத்தில் ஓடிக்கொண்டிருந்த வரியின் பொருள் அப்போதே விளங்கியதாகவும் அதே கடிதத்தில் எழுதுகிறார். ஆகவே பிற்காலக் குறிப்புகளை நாவலுக்கு முந்திய சட்டமாகக் கொள்ளாமல், தம் கதையை ஆசிரியரே பின்னர் எப்படி வாசித்தார் என்பதற்கான சான்றாகக் கொள்வதே முறை.

கற்களின் வரலாற்றைச் சுருக்கமாகச் சொல்லலாம். எல்டமாரில் நோல்டோர் இன எல்ஃபுகள் அவற்றைச் செய்தார்கள். ஃபெயனோரே செய்திருக்கக்கூடும் என்பது காண்டால்ஃபின் ஊகம். நூமெனோர் தீவு கடலில் மூழ்கியபோது எலெண்டில் ஏழு கற்களோடு தப்பி மத்திய பூமிக்கு வந்தான். மூன்று கற்கள் வடக்கு அரசில் வைக்கப்பட்டன. ஒஸ்கிலியாத், மினாஸ் அனோர், மினாஸ் இதில், ஒர்தாங்க் ஆகிய நான்கும் தெற்கே கொண்டோரில் இருந்தன. மூன்றாம் யுகத்தின் 1437ஆம் ஆண்டு உள்நாட்டுப் போரில் ஒஸ்கிலியாத்தின் தலைமைக்கல் ஆற்றில் போனது. வடக்கின் இரண்டு கற்கள் 1975இல் அர்வெதுயி அரசனோடு பனிக்கடலில் மூழ்கின. வடக்கின் மூன்றாம் கல் கடலுக்கு அப்பால் மேற்கை மட்டுமே நோக்கும். மற்றவற்றோடு அதற்குத் தொடர்பில்லை. மினாஸ் இதில் 2002இல் வீழ்ந்தபோது அங்கிருந்த கல் எதிரியின் கைக்குப் போய்ச் சேர்ந்தது. ஆக, நாவலின் காலத்தில் ஒன்றோடொன்று பேசக்கூடிய கற்கள் மூன்று. ஒன்று சௌரானிடம், ஒன்று ஒர்தாங்கில் சருமானிடம், ஒன்று மினாஸ் திரித்தில் டெனதோரிடம். மினாஸ் அனோர் என்பதே மினாஸ் திரித்தின் பழைய பெயர்.

கல் வேலை செய்யும் விதம்

இந்தக் கருவிக்கு டோல்கீன் வகுத்த விதிகளின் நுணுக்கம் வியப்பூட்டுவது. மந்திரம் என்று சொல்லி ஒதுங்கிக்கொள்ள அவர் மனம் ஒப்பவில்லை. சிறிய கற்கள் ஏறத்தாழ ஓரடி விட்டமுள்ள முழுக் கோளங்கள். பெரியவற்றை ஒரே ஆளால் தூக்க முடியாது. சும்மா இருக்கையில் ஆழ்ந்த கருநிறக் கண்ணாடியாகத் தெரியும். கல்லுக்கு நிலையான மேல்முனையும் கீழ்முனையும் உண்டு; கீழ்முனை பூமியின் மையத்தை நோக்கி அமைந்தால்தான் அது சரியாக வேலை செய்யும். சிறிய கற்களில் திசைகளும் நிலையானவை. மேற்கே பார்க்க விரும்புகிறவன் கல்லுக்குக் கிழக்கே நின்று பார்க்க வேண்டும். வடக்கே பார்க்கத் தெற்குப் பக்கம் நகர வேண்டும். கண்ணுக்கும் கல்லுக்கும் மூன்றடி இடைவெளி உகந்தது.

நெறிப்படுத்தும் மனம் இல்லாதபோது கல் தன் போக்கில் எதையெதையோ காட்டும். மலையோ சுவரோ அதற்குத் தடையில்லை, இருட்டுத்தான் தடை. ஒரு மலையை ஊடுருவி அப்பால் பார்க்கலாம். ஆனால் மலைக்குள் இருக்கும் குகையில் ஒளி விழாவிட்டால் அங்கே ஒன்றும் தெரியாது. கல் தானாக ஒளி தருவதில்லை. சில இடங்களைப் பார்வையிலிருந்து மூடி மறைக்கும் ஒரு கலையும் இருந்தது, அது பின்னர் மறந்துபோனது. தொலைவில் ஒரு மனிதன் சிறு புள்ளியாகத் தெரிந்தால், பார்ப்பவன் மனத்தைக் குவித்து அந்த உருவத்தைப் பெரிதாக்கலாம், அவன் யாரென்று அடையாளம் காணலாம். மிகத் தீவிரமாகக் குவித்தால் அவன் விரலில் மோதிரம் இருக்கிறதா என்றுகூடப் பார்க்க முடியும். ஆனால் இது ஆளைக் களைத்துச் சோரவைக்கும் வேலை. மிக அவசரமான தேவை இருந்தாலொழிய யாரும் செய்வதில்லை. வாதத்துக்கு இந்த விவரம் பின்னர் தேவைப்படும்.

இரண்டு விதிகள் எல்லாவற்றையும்விட முக்கியமானவை. முதலாவது, கல் ஒலியைக் கடத்துவதில்லை. இரண்டாவது, இரண்டு கற்களின் முன் இருவர் அமர்ந்து மனத்தால் உரையாடும்போது, ஒருவர் அனுப்ப விரும்பும் எண்ணம் மட்டுமே மற்றவருக்குப் போகிறது. முழு எண்ணமோ உண்மையான நோக்கமோ போவதில்லை. டோல்கீன் இதை ஐயத்துக்கு இடமின்றி எழுதிவைத்திருக்கிறார். பொய்க் காட்சியைத் தராத கல், நோக்கத்தைத் திறந்து காட்டவும் ஆற்றலற்றது. பலாந்தீரின் எல்லா விபத்துகளும் இந்த இடைவெளியில்தான் நிகழ்கின்றன.

ஒரு வேறுபாட்டை இங்கே குறிக்க வேண்டும். உண்மை உலகின் காட்சிக்கல் மரபில் இடைத்தரகர் ஒருவர் உண்டு. 16ஆம் நூற்றாண்டு இங்கிலாந்தின் அறிஞர் ஜான் டீயோடு தொடர்புபடுத்தப்படும் எரிமலைக் கண்ணாடி ஒன்று இன்று பிரிட்டிஷ் அருங்காட்சியகத்தில் இருக்கிறது. அது மெக்சிகோவிலிருந்து வந்த அஸ்தெக் பொருள் என்பதை 2021இல் வெளியான ஆய்வு உறுதிசெய்தது. டீ பெரும்பாலும் தாமே காட்சி கண்டவரல்லர். எட்வர்ட் கெல்லி போன்றவர்கள் கண்டு சொன்னார்கள், டீ எழுதிக்கொண்டார். நம் ஊர்களில் மை போட்டுப் பார்க்கும்போதும் பார்ப்பவர் ஒருவர், கேட்பவர் வேறொருவர். பார்ப்பவர் கண்டதோடு பொருளையும் சேர்த்தே சொல்லிவிடுகிறார். டோல்கீனின் கல்லில் அந்த இடைத்தரகர் இல்லை. பொருள் சொல்லும் வேலை முழுவதும் பார்ப்பவன் தலையில் விழுகிறது.

இதுவரையான வாசிப்புகள்

பலாந்தீரைத் தொலைக்காட்சியாகவோ ரேடாராகவோ காணும் வாசிப்பு எளிது, ஆனால் பயன் தருவதில்லை. தம் நாவலை உருவகக் கதையாக வாசிப்பதை இரண்டாம் பதிப்பின் முன்னுரையில் டோல்கீன் வெளிப்படையாக மறுத்திருக்கிறார். வாழ்க்கை வரலாற்றிலிருந்து ஏதேனும் ஒன்றை எடுத்துக்கொள்வதானால் நான் வேறொரு செய்தியைக் கவனிப்பேன். 1916இல் சோம் போர்முனையில் டோல்கீன் லங்காஷயர் ஃபியூசிலியர்ஸ் படைப்பிரிவின் சமிக்ஞை அதிகாரியாகப் பணியாற்றினார். தொலைவிலிருந்து செய்தி வரும், அனுப்பியவரின் நிலைமை அதோடு சேர்ந்து வராது என்பதை அந்த வேலையில் இருந்தவர் நன்றாகவே அறிந்திருப்பார். இதைச் சான்றாக முன்வைக்கவில்லை, பொருத்தமாக மட்டுமே குறிப்பிடுகிறேன்.

கண்காணிப்பின் குறியீடாகக் கல்லை வாசிப்பது அண்மைக் காலத்தில் பெருகியிருக்கிறது. அமெரிக்காவில் 2003இல் தொடங்கப்பட்டு, அரசுகளுக்கும் ராணுவ, உளவு அமைப்புகளுக்கும் தரவுப் பகுப்பாய்வு மென்பொருள் தரும் பலாந்தீர் டெக்னாலஜீஸ் இந்தப் பெயரைத் தேர்ந்துகொண்டது இதற்கு ஒரு காரணம். கவலை நியாயமானது. ஆனால் நாவலின் அழுத்தம் வேறிடத்தில் விழுகிறது. கல்லின் வழியாகப் பார்க்கப்பட்டவர்கள் அதனால் அழிந்ததாகக் கதையில் இல்லை. அழிபவர்கள் பார்த்தவர்கள். சருமான், டெனதோர், கடைசியில் சௌரான் என்று வரிசை நீள்கிறது. கண்காணிப்பவனைக் கண்காணிப்பு என்ன செய்கிறது என்பதே டோல்கீன் எழுப்பும் கேள்வி. அது இன்னும் போதிய அளவு பேசப்படவில்லை.

இலக்கியத் திறனாய்வில் பலாந்தீர் பற்றிய கூர்மையான வாசிப்பு டாம் ஷிப்பியுடையது. ‘தி ரோட் டு மிடில் எர்த்’ (1982), ‘ஜே.ஆர்.ஆர். டோல்கீன்: ஆதர் ஆஃப் த செஞ்சுரி’ (2000) ஆகிய நூல்களை எழுதியவர் அவர். கல்லைப் பார்த்தவர்கள் உண்மையான ஒன்றைக் கண்டு தவறான முடிவுக்கு வருகிறார்கள், இது மறுபடி மறுபடி நிகழ்கிறது என்பது அவர் கவனித்த அமைப்பு. எதிர்காலத்தை ஊகித்து அதன்படி நடப்பதைவிடக் கையிலுள்ள கடமையைச் செய்வதே மேல் என்னும் நாவலின் அறத்தோடு அவர் இதை இணைக்கிறார். இக்கட்டுரை அவருக்குக் கடன்பட்டது. ஆனால் இரண்டு இடங்களில் விலகுகிறது. சௌரானின் மோதிரத்தை அழிக்கக் கொண்டுசெல்லும் ஹாபிட்டாகிய ஃபிரோடோவை டெனதோர் கல்லில் கண்டான் என்னும் அவருடைய ஊகம் ஒன்று. கல்லைப் பார்ப்பதே பிழை என்று படும்படியான அழுத்தம் மற்றொன்று.

டெனதோர்: உரிமையும் கணிப்பும்

டெனதோர் எப்போது கல்லைப் பார்க்கத் தொடங்கினான்? மூத்த மகன் போரோமிர் புறப்பட்டுப்போன பிறகே அடிக்கடி பார்த்திருப்பான் என்று காண்டால்ஃப் ஊகிக்கிறான். அறிவு தெளிவாக இருந்த நாட்களில் டெனதோர் சௌரானோடு மோதத் துணிந்திருக்கமாட்டான் என்றும் சொல்கிறான். 1980 நூலின் குறிப்புகள் இதைத் திருத்துகின்றன. 2984இல் ஆட்சிப் பொறுப்பேற்றவுடனேயே அவன் கல்லைப் பயன்படுத்தத் தொடங்கியிருக்கலாம். காண்டால்ஃப் சொல்வது சௌரானோடு நேருக்கு நேர் மோதியதை மட்டுமே. நான் குறிப்புகளின் பக்கமே நிற்கிறேன். தன் நாட்டின் எல்லைக்கு அப்பால் நடப்பதையெல்லாம் அறிந்தவனாக டெனதோர் நாவலில் முதலில் தோன்றும்போதே இருக்கிறான். வயதுக்கு மீறிய முதுமையும் அவனிடம் தெரிகிறது. இரண்டும் சில மாதப் பழக்கத்தில் வந்துவிடக்கூடியவை அல்ல. அவன் கண்டறிந்தவை பலமுறை அவனுக்குப் பயன்பட்டன என்பதைக் காண்டால்ஃபே ஒப்புக்கொள்கிறான். பல ஆண்டுகள் கல் அவனுக்கு நல்ல கருவியாகவே இருந்திருக்கிறது.

அவன் சருமானைப் போல விழவில்லை என்பது இன்னும் முக்கியம். சருமான் சௌரானுக்குக் கீழ்ப்பட்டுவிடுகிறான். டெனதோர் இறுதிவரை எதிரியை மறுத்தே நின்றான். இதற்குக் குறிப்புகள் தரும் காரணம் உரிமை. கற்கள் முறையான உரிமையுள்ளவருக்கு அதிகம் இணங்கும். எலெண்டிலின் நேர் வாரிசுக்கு எல்லாரையும்விட அதிகமாகவும், வழிவழியாக அதிகாரம் பெற்றவனுக்கு அடுத்தபடியாகவும் இணங்கும். சருமானுக்கும் சௌரானுக்கும் அந்த உரிமை இல்லை. டெனதோருக்கு இருந்தது. அவனுடைய மனவலிமையும், கொண்டோர்மீது அவன் கொண்டிருந்த அன்பும் அதோடு சேர்ந்து அவனைக் காத்தன.

அப்படியானால் ஏன் வீழ்ந்தான்? உரிமை அவன் மனத்தைப் பிறர் கைப்பற்றாமல் காத்தது. தான் கண்டதற்கு அவன் சொல்லிக்கொண்ட பொருளைக் காக்க அதனால் முடியவில்லை. இந்த வேறுபாட்டைக் கணக்கில் கொண்டால் காண்டால்ஃபின் இரண்டு கூற்றுகளும் ஒன்றோடொன்று முரண்படவில்லை என்பது தெரியும். முதலாவது, எவை கண்ணில் பட்டன என்பதைப் பற்றியது. இரண்டாவது, பட்டவை உண்மையா என்பதைப் பற்றியது.

கப்பல்களை எடுத்துக்கொள்வோம். சிதைக்குப் போகும் முன் டெனதோர் காண்டால்ஃபிடம் கறுப்புப் பாய் விரித்த கப்பற்படை ஆற்றில் ஏறிவருவதைச் சொல்கிறான். அது உம்பார் கொள்ளையரின் படை என்பது அவன் முடிவு, நகரம் தொலைந்தது. நாவலின் பின்னிணைப்பு பி தரும் நாள்வரிசையை இங்கே பார்க்க வேண்டும். 3019 மார்ச் 13 அன்று அரகோர்ன் பெலார்கிர் துறைமுகத்தில் அந்தக் கப்பல்களைக் கைப்பற்றுகிறான். அதே நாள் இளைய மகன் ஃபராமிர் காயத்தோடு தூக்கிவரப்படுகிறான். அன்றிரவு டெனதோர் கோபுரத்தின் உச்சி அறைக்கு ஏறிப்போகிறான், அங்கே மங்கலான ஒளி துடிப்பதை நகரத்தார் பார்க்கிறார்கள். மார்ச் 15 அதிகாலை சிதை மூட்டப்படுகிறது. அன்று காலைதான் அரகோர்ன் ஹார்லொண்ட் துறையில் தன் கொடியை விரிக்கிறான். அதுவரை பாய்கள் கறுப்பாகவே இருந்தன. கொடி விரியும்வரை அந்தப் படையை எந்தக் கோணத்திலிருந்து பார்த்தாலும் காட்சி ஒன்றே. கறுப்புப் பாய்கள் வருகின்றன, அது உண்மை. உள்ளே யார் இருக்கிறார்கள் என்பது மாறிவிட்டது, அதுவும் உண்மை. கல்லால் முதலாவதைக் கேட்காமலே காட்ட முடிந்தது. இரண்டாவதைக் காண, மனத்தைக் குவித்து ஒவ்வொரு முகத்தையும் பெரிதாக்கிப் பார்த்திருக்க வேண்டும். சாகக் கிடக்கும் மகனை விட்டு ஏறிவந்த ஒரு கிழவனின் உடலில் அதற்கான வலு ஏது? அவனிடம் கேள்வியும் இல்லை. கப்பல்கள் யாருடையவை என்பது அவனுக்கு முன்பே தெரிந்த செய்தி. படை அணுகுவதாகக் காவலர் பேச்சு நகரத்தில் சில நாட்களாகவே உலவிக்கொண்டிருந்தது. பழைய தகவலை உறுதிசெய்யும் காட்சியை யாரும் பெரிதாக்கிப் பார்ப்பதில்லை.

இந்த விளக்கத்தில் சௌரானின் கை அவசியமே இல்லை என்பதைக் கவனிக்க வேண்டும். தன் நாடான மோர்டோரின் பெரும் படைபலத்தை அவன் டெனதோருக்குத் திரும்பத் திரும்பக் காட்டியிருக்கலாம். அதனால் ஊறிய அவநம்பிக்கை மீதி வேலையைத் தானே முடித்துவிட்டது.

ஷிப்பியின் ஊகம் இங்கேதான் வருகிறது. கோபுரத்திலிருந்து இறங்கிய பின் டெனதோர், எதிரி ‘அதை’க் கண்டுபிடித்துவிட்டான் என்று சொல்கிறான். ‘அது’ ஃபிரோடோ கொண்டுசெல்லும் மோதிரம். ஃபிரோடோ ஓர்க்குகளிடம் பிடிபட்டதும் அதே மார்ச் 13தான். ஆகவே டெனதோர் கல்லில் சிறைப்பட்ட ஹாபிட்டைக் கண்டு, மோதிரமும் பிடிபட்டதாக முடிவுசெய்தான் என்கிறார் ஷிப்பி. நாள்கள் பொருந்துவது தற்செயல் அல்ல என்று தோன்றும் அளவுக்கு இது அழகான ஊகம். ஆனால் தயக்கத்துக்கு இடமிருக்கிறது. காட்சியைத் தேர்ந்து தந்தவன் சௌரான் என்றால், பிடிபட்டவன் யாரென்ற முழுத் தெளிவு அவனுக்கே அப்போது இருந்ததாகக் கதையில் அடையாளமில்லை. டெனதோர் தானாகவே கண்டான் என்றால், மலைக்கோபுரத்துக்குள் பந்த வெளிச்சத்தில் கிடக்கும் ஒரு சிற்றுருவை, எங்கே தேடுவதென்று அறியாமல் கண்டெடுத்திருக்க வேண்டும். ஃபிரோடோ கிரித் உங்கோல் கணவாய் வழியாகப் போகிறான் என்பதை ஃபராமிர் தந்தையிடம் சொல்லியிருந்தான் என்பது ஷிப்பியின் தரப்புக்கு வலுச் சேர்க்கும் செய்தி. அதை மறைப்பது நேர்மையாகாது. இருந்தாலும் டெனதோரின் வாக்கியத்துக்கு அந்தக் காட்சி தேவைப்படவில்லை. ஃபிரோடோ போகும் வழியைக் கேட்டது முதல், மோதிரம் எதிரியிடம் போய்விடும் என்றே அவன் எண்ணிக்கொண்டிருக்கிறான். படைகள் திரண்டு வருவதைக் கண்டதும் எண்ணம் செய்தியாகிவிடுகிறது. ஷிப்பியின் ஊகம் நடந்திருக்கக்கூடியது, ஆனால் நிறுவப்படாதது என்பதே என் மதிப்பீடு.

சௌரானின் பிழைகள்

கல்லால் அதிகம் ஏமாந்தவன் சௌரான். மார்ச் 5 அன்று ஒர்தாங்கிலிருந்து சருமானின் ஊழியன் வார்ம்டங் எறிந்த கல்லை, அன்றிரவு ஹாபிட்டாகிய பிப்பின் காண்டால்ஃபின் பக்கத்திலிருந்து திருட்டுத்தனமாக எடுத்துப் பார்க்கிறான். சௌரான் கண்டது உண்மை: ஒரு ஹாபிட் ஒர்தாங்க் கல்லின் முன் இருக்கிறான். அவன் செய்த முடிவு பொய்: அந்த ஹாபிட் சருமானின் கைதி. கல் ஏற்கனவே கைமாறிவிட்டது என்பதைக் காட்சி சொல்லவில்லை. தன் ஆட்களும் போட்டியாளர்களும் என்ன செய்வார்கள் என்பதைத் தன் மனத்தை வைத்தே அவன் அளந்தான்.

மறுநாள் நிகழ்வது இன்னும் பெரிய பிழை. அரகோர்ன் கல்லின் முன் நின்று தன்னை எலெண்டிலின் வாரிசாக அறிவித்து, புதிதாய் வார்க்கப்பட்ட வாளைக் காட்டுகிறான். சௌரான் கண்ட ஒவ்வொன்றும் உண்மை. வாரிசு உயிரோடிருக்கிறான், வாள் மீண்டும் ஒன்றாகியிருக்கிறது, அவன் அஞ்சவில்லை. இவற்றிலிருந்து, மோதிரம் அவனிடம் இருக்கக்கூடும் என்ற அச்சம் சௌரானிடம் முளைக்கிறது. அந்த அச்சம் அவனை அவசரப்படுத்துகிறது. இறுதியில் மோர்டோரின் கறுப்பு வாயிலின் முன் ஒரு சிறு படை வந்து நிற்கும்போது, மோதிரத்தின் துணிச்சல் இல்லாமல் யாரும் அப்படி வரமாட்டார்கள் என்று அவனை எண்ணவைப்பதும் அதுவே. மார்ச் 25 அன்று அவன் கண் வாயிலின் பக்கம் திரும்பியிருந்தபோது மோதிரம் எரிமலைக்குள் விழுந்தது. அதை அழிக்க யாரேனும் விரும்பக்கூடும் என்ற நோக்கம் அவன் மனத்தில் எழவே முடியாத ஒன்று. எழமுடியாத நோக்கத்தைக் கல்லும் காட்டித் தரவில்லை.

அரகோர்ன் செய்தது

டெனதோர் அஞ்சிய அதே தெற்குப் படையை அரகோர்னும் கல்லில் கண்டான். மார்ச் 6 அன்று அவன் அறிந்தது, தெற்கிலிருந்து கொண்டோர்மீது எதிர்பாராத ஆபத்து வருகிறது, விரைந்து எதிர்கொள்ளாவிட்டால் பத்து நாட்களுக்குள் நகரம் வீழும் என்பது. டெனதோருக்கு முடிவாகத் தெரிந்தது அவனுக்கு வேலையாகத் தெரிந்தது. இறந்தோரின் பாதை வழியே போய் அந்தக் கப்பல்களைப் பிடித்தான்.

உரிமையில் அரகோர்ன் ஒருபடி மேல், மனவலிமையிலும் குறைந்தவனல்லன் என்பவை உண்மைதான். ஆனால் அவன் வெற்றிக்கு அவை மட்டும் காரணமல்ல. கல்லின் குறையை அவன் கருவியாக்கினான். எதைக் காட்டுவது, எதை மறைப்பது என்று தேர்ந்தெடுத்து, உண்மைகளை மட்டுமே காட்டி எதிரியைப் பொய்யான முடிவுக்குத் தள்ளினான். சௌரான் டெனதோருக்குச் செய்ததாகக் காண்டால்ஃப் சொல்வதும் இதுவே. நல்லவர் பக்கமும் தீயவர் பக்கமும் இங்கே ஒரே உத்தியைக் கையாள்கின்றன. டோல்கீனின் உலகத்தில் கறுப்பும் வெள்ளையும் தனித்தனியே பிரிந்து கிடக்கின்றன என்று சொல்பவர்கள் இந்த இடத்தில் நின்று பார்க்க வேண்டும். கல்லைப் பார்ப்பதே பிழை என்னும் முடிவுக்கும் இது இடம் தருவதில்லை. போருக்குப் பின் ஒர்தாங்க் கல்லைத் தானே வைத்துக்கொள்ளப்போவதாகவும், தன் நாட்டில் நடப்பதையும் தன் ஊழியர் செய்வதையும் அறிய அது உதவும் என்றும் அரசனான அரகோர்ன் சொல்கிறான். கற்கள் முதலில் எதற்காக வைக்கப்பட்டனவோ அந்த வேலைக்கே அது திரும்புகிறது.

திரையில் தொலைந்தவை

பீட்டர் ஜாக்சனின் மூன்று படங்கள் (2001–2003) பலாந்தீரை நினைவில் நிற்கும் பொருளாக்கின. ஆனால் டெனதோரிடம் கல் இருப்பதை மூன்றாம் படம் வெளிப்படையாகக் காட்டவில்லை. அதனால் அவன் வீழ்ச்சிக்குக் காரணமாக மிஞ்சுவது துயரத்தால் சிதைந்த மனமும் கொடுங்குணமும்தான். அரகோர்ன் கல்லைப் பார்க்கும் காட்சி நீட்டிக்கப்பட்ட பதிப்பில் மட்டும் வருகிறது. அதுவும் மினாஸ் திரித்தைக் காத்த பெலென்னோர் போருக்குப் பிறகு. கப்பல்களை அவன் கல்லில் கண்டதற்கு அங்கே இடமேயில்லை. 2022இல் வந்த ‘தி ரிங்ஸ் ஆஃப் பவர்’ தொடர் இன்னும் விலகிப் போகிறது. அதில் நூமெனோர் மூழ்கப்போவதைப் பலாந்தீர் முன்கூட்டியே காட்டுகிறது. கடந்த காலத்தைக் கல்லில் காணலாம் என்று நாவலில் காண்டால்ஃப் ஏங்குகிறான். எதிர்காலத்தைக் கண்டதாக யாரும் சொல்வதில்லை. நடக்கக்கூடியதைக் காட்டுவது எல்ஃப் தலைவி கலாத்ரியேலின் நீர்க்கண்ணாடி. இரண்டையும் குழப்பினால் டோல்கீன் அமைத்த துயரத்தின் அடித்தளமே போய்விடுகிறது. எதிர்காலத்தைக் காட்டும் கருவி ஒருவனை ஏமாற்றினால் அது விதியின் கதை. நிகழ்காலத்தை உள்ளபடி காட்டும் கருவியின் முன் ஒருவன் ஏமாந்தால் அது தீர்ப்பின் கதை; அந்தத் தீர்ப்புக்குப் பொறுப்பு அவனுடையது.

டெனதோரைப் படத்தில் மட்டுமே அறிந்த வாசகர்கள், நாவலின் ஐந்தாம் புத்தகத்தில் முற்றுகை, சிதை, கடைசி ஆலோசனை ஆகிய அத்தியாயங்களை, பின்னிணைப்பு பி-யின் மார்ச் மாத நாள்வரிசையைப் பக்கத்தில் திறந்துவைத்துக்கொண்டு ஒருமுறை வாசிக்க வேண்டும்.